பல்வலி மாத்திரை: ஆய்வில் இருந்தவர்கள் வேறு, நீங்கள் வேறு

கேள்வி: டாக்டர், எனக்கு வயது 58. டர்பன் சாட்ஸ்வொர்த்தில் இருக்கிறேன். நான்கு மாதமாக இடது கன்னத்தில் வலி. சில நாள் கீழ்க் கடைவாய்ப்பல் விண்விண்ணென்று தெறிக்கும், சூடான டீ பட்டால் தாங்காது. சில நாள் காலையில் எழும்போதே காதுக்கு முன்னால் இறுகிக் கிடக்கும், வாயைத் திறந்தால் ‘டக்’ என்று சத்தம் வரும். தலைவலி தினமும் உண்டு. பகலில் ஐந்து கிராண்ட்பா பவுடர் ஆகிவிடுகிறது. மிஞ்சினால் இரண்டு பனாடோ, ராத்திரி படுக்குமுன் இரண்டு மைப்ரோடால். பவுடரைக் கொஞ்சம் அந்தப் பல்லோரம் அடக்கிவைப்பதும் உண்டு. பிரஷருக்கு எனலாபிரிலும் ஹைட்ரோகுளோரோதயசைட் என்ற தண்ணீர் மாத்திரையும், சர்க்கரைக்கு மெட்ஃபார்மின், இதயத்துக்குச் சின்ன ஆஸ்பிரின். பல் டாக்டர் எக்ஸ்ரே பார்த்துவிட்டு, சொத்தை வேர் வரை போய்விட்டது, பிடுங்கிவிடலாம் என்று நாள் குறித்திருக்கிறார். போன தடவை ஊசி போட்டும் மரத்துப்போகவில்லை. அந்தப் பயம் வேறு. “இபுப்ரோஃபெனையும் பாராசிட்டமாலையும் சேர்த்துப் போட்டால் போதை கலந்த மாத்திரையைவிட நன்றாகக் கேட்கும், ஆராய்ச்சியே இருக்கிறது” என்கிறாள் மகள். “அழற்சி மாத்திரை வலியை நாள்பட்டதாக்கிவிடும், அதுவும் ஆராய்ச்சிதான்” என்கிறார் மருமகன். யார் சொல்வதைக் கேட்பது? பல் எடுத்த நான்காம் நாள் காவடி விரதம் தொடங்குகிறது.

பதில்: வணக்கம் அம்மா. மகள் சொல்வது சரி. மருமகன் சொல்வதிலும் விஷயம் இருக்கிறது. ஆனால் மகள் சொல்லும் ஆய்வுகளுக்கு நீங்கள் பெயர் கொடுத்திருந்தால் வாசலிலேயே திருப்பி அனுப்பியிருப்பார்கள். உங்களுக்கான பதில் அங்கேதான் தொடங்குகிறது. அதற்கு முன், இன்றைக்கே நிறுத்த வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன்.

கிராண்ட்பா பவுடர் ஒரு பொட்டலத்தில் ஆஸ்பிரின் 453.6 மி.கி., பாராசிட்டமால் 324 மி.கி., காஃபின் 64.8 மி.கி. இருக்கிறது. ஐந்து பொட்டலம் என்றால் ஆஸ்பிரின் மட்டும் ஏறத்தாழ 2,270 மி.கி. இதயத்துக்குப் போடும் சின்ன ஆஸ்பிரின் 100 மி.கி. அளவுதான். அதைப் போல இருபது மடங்குக்கு மேல் பவுடர் வழியாகவே போய்விடுகிறது. மைப்ரோடால் ஒரு குளிகையில் இபுப்ரோஃபென் 200, பாராசிட்டமால் 250, போதை வகை வலி மருந்தான கோடீன் 10 மி.கி. எனவே ராத்திரி இரண்டு போடும்போது ஆஸ்பிரினுக்கு மேல் இபுப்ரோஃபென் 400 மி.கி. ஏறுகிறது. இரண்டும் ஒரே குடும்பத்து மருந்துகள், மருமகன் சொல்லும் ‘அழற்சி மாத்திரை’ வகை. இரண்டைச் சேர்ப்பதால் வலி இரண்டு மடங்கு குறையாது. இரைப்பைப் புண்ணும் சிறுநீரகச் சேதமும் வரும் வாய்ப்புதான் கூடும். பாராசிட்டமால் மாத்திரையான பனாடோ இரண்டையும் சேர்த்தால் பாராசிட்டமால் கணக்கு ஒரு நாளைக்கு 3,120 மி.கி. மூன்று பெயரில் மூன்று பெட்டி வாங்குகிறீர்கள், உள்ளே இருப்பதோ அதே சரக்கு. மருந்துக் கடையில் பெட்டியின் முன்பக்கப் பெயரைப் பார்க்காமல், பக்கவாட்டில் பொடி எழுத்தில் இருக்கும் சேர்மானத்தை மருந்தாளரிடம் வாசித்துக் காட்டச் சொல்லுங்கள்.

பவுடரைப் பல்லோரம் அடக்குவதை இன்றோடு விட்டுவிடுங்கள். ஆஸ்பிரின் ஓர் அமிலம். ஈறில் ஒட்டி நின்றால் அந்த இடம் பால் ஆடை போல வெளுத்துச் சுருங்கும். விரலால் தொட்டால் உரிந்து வரும், அடியில் சிவந்த புண் இருக்கும். நேரே தடவுவதால் பல்லின் உள்ளே அது வேலை செய்வதில்லை. விழுங்கிய பங்கு ரத்தத்தில் கலந்து வந்தால்தான் வலி அடங்கும். கண்ணாடியில் பாருங்கள். கன்னத்தின் உட்புறத்தில் வெள்ளைப் படலம் தெரிந்தால் பல் டாக்டரிடம் சொல்லுங்கள். இல்லாவிட்டால் அதை வேறு நோயென்று நினைத்துக் கவலைப்படுவார்.

இனி ஆராய்ச்சிக்கு வருவோம். பல்லின் நடுவே நரம்பும் ரத்தக் குழாயும் இருக்கும் பற்கூழில் கிருமி புகுந்ததும் திசுக்கள் புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருளைச் சுரக்கின்றன. அது நரம்பு முனையைக் கூச்சமாக்குகிறது, ரத்தக் குழாயை விரிக்கிறது. மற்ற இடமென்றால் வீங்கி இடம் கொடுக்கும். பல்லுக்குள் நான்கு பக்கமும் சுவர். அதனால்தான் அந்தத் தெறிப்பு, அதனால்தான் படுத்தால் கூடுகிறது. ஆஸ்பிரின் வகை மருந்துகள் புரோஸ்டாகிளாண்டின் உண்டாவதைத் தடுக்கின்றன என்று ஜான் வேன் 1971இல் காட்டினார். 1982இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். இதே பொருள்தான் இரைப்பையின் உட்சுவருக்குக் காவல். உடம்பில் நீர் குறையும்போது சிறுநீரகத்துக்கு ரத்தம் போகும் குழாயைத் திறந்து வைப்பதும் இதுவே. நன்மையும் தீமையும் ஒரே கதவு வழியாக வருகின்றன. இதை நினைவில் வைத்துக்கொண்டால் கீழே நான் சொல்லும் எச்சரிக்கை ஒவ்வொன்றுக்கும் காரணம் புரியும்.

வலி மாத்திரைகளைச் சோதிக்க உலகெங்கும் நம்பும் களம் பல் மருத்துவ நாற்காலிதான். கீழ்த்தாடையில் புதைந்த ஞானப்பல்லை அறுத்து எடுப்பார்கள். மரப்பு தெளிந்து வலி நடுத்தரத்துக்கு மேல் ஏறியதும், ஒருவருக்கு மருந்து, ஒருவருக்குப் போலி மாத்திரை; எது யாருக்கு என்று கொடுப்பவருக்கும் தெரியாது. நான்கிலிருந்து ஆறு மணி நேரம் வரை வலிக்கு மதிப்பெண் போடச் சொல்வார்கள். சிலவற்றில் இரண்டு ஸ்டாப் வாட்ச் கொடுப்பார்கள்: லேசாகக் குறையும்போது ஒன்றை நிறுத்த, நிஜமாகவே நிம்மதி கிடைத்ததும் மற்றொன்றை நிறுத்த. தாங்காவிட்டால் வேறு மருந்து கேட்கலாம், கேட்ட நேரமும் பதிவாகும். வலி எப்போது தொடங்கும், எவ்வளவு இருக்கும் என்று முன்கூட்டியே தெரிவதால் இந்த முறை சுத்தமானது.

இப்படிச் சேர்ந்த ஆய்வுகளை, மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் காக்ரேன் குழுவினர் தொகுத்து வைத்திருக்கிறார்கள். போலி மாத்திரையோடு ஒப்பிட, கூடுதலாக ஒருவருக்குப் பாதி வலியாவது குறைய எத்தனை பேருக்கு மருந்து கொடுக்க வேண்டும் என்று கணக்கிடுவார்கள். எண் சிறிதானால் மருந்து நல்லது. இபுப்ரோஃபென் 400 மி.கி.க்கு அந்த எண் 2.5. பாராசிட்டமால் 1,000 மி.கி.க்கு ஏறத்தாழ 3.6. இபுப்ரோஃபென் 200, பாராசிட்டமால் 500 இரண்டையும் சேர்த்தால் 1.6. கோடீன் 60 மி.கி. தனியாகக் கொடுத்தால் 12. உங்கள் மைப்ரோடால் இரண்டில் இருப்பது 20 மி.கி. கோடீன். வலி குறைவதெல்லாம் உடனிருக்கும் இபுப்ரோஃபெனாலும் பாராசிட்டமாலாலும்தான். கோடீன் பங்குக்கு மலச்சிக்கலையும் தூக்க மயக்கத்தையும், நாள்பட்டால் பழக்கத்தையும் கொடுக்கும். கோடீன் வேலை செய்ய உடம்பில் மார்ஃபினாக மாற வேண்டும். சிலர் உடம்பில் அது மாறவே மாறாது, சிலர் உடம்பில் மளமளவென்று மாறும். அந்தக் குளிகைக்கு இங்கே இருக்கும் மரியாதை அதற்குத் தகுதிக்கு மீறியது என்பது என் எண்ணம்.

மகள் வாசித்தது 2025 ஜனவரியில் அமெரிக்கப் பல் மருத்துவச் சங்க இதழில் வந்த ஆய்வாக இருக்கலாம். ஞானப்பல் எடுத்த 1,800க்கும் மேற்பட்டவர்களில் பாதிப் பேருக்கு ஹைட்ரோகோடோன் என்ற போதை வகை மருந்தும் பாராசிட்டமாலும், மறு பாதிக்கு இபுப்ரோஃபென் 400 மி.கி.யும் பாராசிட்டமால் 500 மி.கி.யும் கொடுத்தார்கள். முதல் நாளும் அன்றிரவும் இரண்டாவது கூட்டத்துக்கே வலி குறைவு. தூக்கமும் நன்றாக இருந்தது. அந்தச் சங்கம் 2024இல் வெளியிட்ட வழிகாட்டியும் பெரியவர்களின் திடீர்ப் பல்வலிக்கு முதலில் அழற்சி மருந்தையே சொல்கிறது, தனியாகவோ பாராசிட்டமாலோடு சேர்த்தோ.

சரி, அந்த ஆய்வுகளில் யார் இருந்தார்கள்? பெரும்பாலும் இளவயதினர், வேறு நோய் இல்லாதவர்கள், தினசரி மாத்திரை எதுவும் போடாதவர்கள். ஒரே வேளை மருந்து, அல்லது சில நாள். இரத்த அழுத்தம், சர்க்கரை, இதய ஆஸ்பிரின் என்றிருக்கும் 58 வயதுக்காரருக்கு அங்கே இடமில்லை. மருந்து வலியைக் குறைக்குமா என்ற கேள்விக்கு அந்த எண்கள் உங்களுக்கும் பொருந்தும். உங்கள் சிறுநீரகம் தாங்குமா என்ற கேள்வி அங்கே கேட்கப்படவே இல்லை.

எனலாபிரில் சிறுநீரக வடிகட்டியிலிருந்து ரத்தம் வெளியேறும் குழாயைத் தளர்த்தும். தண்ணீர் மாத்திரை உடம்பின் நீரைக் குறைக்கும். இபுப்ரோஃபெனோ அதிக ஆஸ்பிரினோ உள்ளே வரும் குழாயைச் சுருக்கும். வரத்து குறைகிறது, வெளியேற்றம் கூடுகிறது, வடிகட்டும் அழுத்தம் விழுகிறது. தனித்தனியே பார்த்தால் எல்லாம் நல்ல மருந்துதான். மூன்றும் ஒரே வாரத்தில் கூடும்போதுதான் சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கிரியாட்டினின் என்ற கழிவு ரத்தத்தில் திடீரென்று ஏறும். சிறுநீரகம் தளர்ந்தால் மெட்ஃபார்மினும் உடம்பில் தேங்கும். இரத்த அழுத்த மாத்திரை சரியாக வேலை செய்யாமல் போவதற்கும் இதே மருந்துகள் காரணமாகலாம். சமீபத்தில் உங்கள் பிரஷர் ஏறியிருந்தால் பவுடரைச் சந்தேகியுங்கள்.

அடுத்தது ஆஸ்பிரின். சின்ன ஆஸ்பிரின், ரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்களின் ஒரு குறிப்பிட்ட இடத்தில் போய் நிரந்தரமாகப் பூட்டுப் போடுகிறது. இபுப்ரோஃபென் முன்னதாகவே போய் அந்த இடத்தில் உட்கார்ந்துகொண்டால் ஆஸ்பிரினால் நெருங்க முடியாது. சில மணி நேரத்தில் இபுப்ரோஃபென் எழுந்துபோகும்போது ஆஸ்பிரின் ரத்தத்தில் இருக்காது. அன்றைய இதயப் பாதுகாப்பு வீண். அதனால்தான் உறையில்லாத ஆஸ்பிரின் போட்டு அரை மணி நேரம் கழித்தே இபுப்ரோஃபென் போட வேண்டும், அல்லது ஆஸ்பிரினுக்கு எட்டு மணி நேரம் முன்பே போட்டுவிட வேண்டும் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2006இல் சொன்னது. குடலில் கரையும்படி உறையிட்ட மாத்திரைக்கு இந்த நேரக் கணக்கை நம்ப முடியாது. உங்களுடையது எது என்று பெட்டியில் பாருங்கள்.

“சாப்பிட்டுவிட்டுப் போட்டால் ஒன்றும் செய்யாது” என்று நம் வீடுகளில் எல்லோரும் சொல்வார்கள். சாப்பாடு நெஞ்செரிச்சலைக் குறைக்கும், அவ்வளவுதான். இரைப்பைப் புண் வருவது மாத்திரை சுவரில் உரசுவதால் மட்டும் இல்லை, ரத்தத்தில் போய் புரோஸ்டாகிளாண்டின் என்ற அந்தக் காவலை எடுத்துவிடுவதால். வலிக்காமலேயே புண் வந்து ரத்தம் கசியலாம். தார் போலக் கறுத்த மலம் வந்தால் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள்.

இப்போது உங்கள் கன்னத்துக்கு. கடிதத்தைப் படித்தால் எனக்கு ஒரு வலி தெரியவில்லை, மூன்று தெரிகிறது. சூடு பட்டால் தெறிப்பது பல். அது பற்கூழ் அழற்சி; மாத்திரை நேரத்தைக் கடத்தும், அதற்குமேல் எதுவும் செய்யாது. பல்லை எடுப்பதோ வேர் சிகிச்சை செய்வதோதான் தீர்வு. வீட்டில் மிச்சமிருக்கும் ஆன்டிபயாட்டிக்கை இதற்குப் போடாதீர்கள். பென்சிலினையும் போலி மாத்திரையையும் ஒப்பிட்ட ஆய்வில் பற்கூழ் வலியில் வித்தியாசமே இல்லை. முகம் வீங்கினாலோ காய்ச்சல் வந்தாலோ அது வேறு கதை.

காலையில் இறுகுவதும் ‘டக்’ சத்தமும் தாடை மூட்டும் அதைச் சுற்றிய தசையும். பல்லை எடுத்தாலும் இது இருக்கும். அப்போது “டாக்டர் நல்ல பல்லை எடுத்துவிட்டார்” என்று வருத்தப்படக் கூடாது. அதற்காகத்தான் முன்பே சொல்கிறேன்.

தினசரித் தலைவலிக்குப் பெரும்பாலும் பவுடரே காரணமாக இருக்கும். இப்படிப்பட்ட கூட்டு வலி மாத்திரைகளை மாதத்தில் பத்து நாளுக்கு மேல், மூன்று மாதத்துக்கு மேல் போட்டால் மருந்தே தலைவலியைக் கொண்டுவரும். காஃபின் வேறு, ஐந்து பொட்டலத்தில் 324 மி.கி. நிறுத்தியதும் முதல் சில நாள், சிலருக்கு ஒரு வாரத்துக்கு மேலும், தலைவலி கூடும். அதைக் கண்டு மறுபடி பொட்டலத்தைப் பிரித்துவிடாதீர்கள். காலை, மதிய டீயை அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். டீயையும் சேர்த்து விட்டால் அவஸ்தை இரட்டிப்பாகும்.

மருமகன் சொன்ன ஆராய்ச்சி 2022இல் மெக்கில் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள் முன்னின்று வெளியிட்டது. திடீர் முதுகுவலி வந்த 98 பேரின் ரத்த அணுக்களை மூன்று மாதம் தொடர்ந்து பார்த்தார்கள். வலி தீர்ந்தவர்களிடம் ஆரம்பத்தில் நியூட்ரோஃபில் என்ற வெள்ளணுக்கள் மும்முரமாக இயங்கி, பிறகு அடங்கின. வலி நீடித்தவர்களிடம் அந்த எழுச்சியே இல்லை. எலிகளுக்கு ஆரம்பத்திலேயே ஸ்டீராய்டோ அழற்சி மருந்தோ கொடுத்தபோது அப்போதைக்கு வலி குறைந்தது, ஆனால் வலிக்காலம் நீண்டது. பிரிட்டனில் ஏராளமானவர்களின் உடல்நல விவரம் சேர்த்த பயோபேங்க் தரவிலும் முதுகுவலிக்கு அழற்சி மருந்து எடுத்தவர்களிடம் வலி நீடிக்கும் வாய்ப்பு அதிகமாகத் தெரிந்தது. கவனியுங்கள்: அது முதுகு. வலி கடுமையாக இருந்தவர்களே மாத்திரையும் அதிகம் எடுத்திருக்கலாம். தரவு மட்டும் பார்த்து மருந்தைக் குற்றவாளியாக்க முடியாது. பல் எடுத்த பிறகு வரும் மூன்று நாள் வலிக்கு இதைக் காட்டிப் பயப்படுவதற்கு ஆதாரம் இல்லை. நான்கு மாதமாக இழுக்கும் தாடை மூட்டு வலிக்கு மாத்திரையை மாதக்கணக்கில் விழுங்கலாமா என்றால், அங்கே மருமகனின் சந்தேகத்துக்கு நான் இடம் கொடுப்பேன்.

தாடை மூட்டுக்கென்றே நடந்த ஆய்வு ஒன்று 2004இல் வந்தது. மூட்டின் வட்டு இடம் மாறி வலித்த 68 பேருக்கு ஆறு வாரம் நாப்ராக்ஸன் 500 மி.கி. இரு வேளை, அல்லது செலிகாக்சிப் 100 மி.கி. இரு வேளை, அல்லது போலி மாத்திரை. நாப்ராக்ஸன் மற்ற இரண்டையும் தெளிவாக வென்றது. ஆரோக்கியமான ஒருவருக்கு இரண்டு வார நாப்ராக்ஸன் நியாயமான யோசனை. உங்களுக்கு வேண்டாம்; காரணம் மேலே சொன்ன குழாய்க் கணக்கு. செலிகாக்சிப் ஆஸ்பிரினோடு மோதாது, வயிற்றுக்கும் கொஞ்சம் மென்மை. ஆனால் சிறுநீரகத்துக்கு அதுவும் இபுப்ரோஃபென் மாதிரியேதான். அதே வகையைச் சேர்ந்த ரோஃபெகாக்சிப் இதயத் தாக்குதலைக் கூட்டியதால் 2004 செப்டம்பரில் சந்தையிலிருந்து போனது, நினைவிருக்கலாம்.

மூட்டுக்கு உங்களால் செய்ய முடிந்தது நிறைய இருக்கிறது. வாய் மூடியிருக்கும்போது மேல் பல்லும் கீழ்ப் பல்லும் ஒட்டக் கூடாது. உதடு சேர்ந்திருக்கட்டும், பல் விலகியிருக்கட்டும், நாக்கு மேலண்ணத்தில் லேசாகப் படட்டும். தையல் வேலை, கார் ஓட்டுவது, போன் பார்ப்பது, எதைச் செய்தாலும் நடுவில் ஒரு தடவை இதைச் சோதியுங்கள். பகலில் பல்லைக் கடித்துக்கொண்டிருப்பது பலருக்குத் தெரிவதேயில்லை. வெதுவெதுப்பான ஈரத்துணியைக் காதுக்கு முன்னால் 15 நிமிடம், நாளைக்கு இரண்டு மூன்று முறை வையுங்கள். கொட்டாவி வந்தால் முகவாயின் கீழ் கையை முட்டுக் கொடுங்கள். சூயிங்கம், பில்டாங் (உலர்த்திய இறைச்சி), கடினமான முறுக்கு ஒரு மாதத்துக்கு வேண்டாம். டைக்ளோஃபெனாக் ஜெல்லைப் பட்டாணி அளவு எடுத்து மூட்டின் மேல் தோலில் தடவலாம். மாத்திரையோடு ஒப்பிட்டால் ரத்தத்தில் சேர்வது நூற்றுக்கு ஆறு பங்குதான். கண்ணிலும் வாயிலும் படக் கூடாது. இரவில் கடிப்பது உறுதியானால் கழற்றி மாட்டும் தகடு செய்யலாம். பல்லைத் தேய்த்துக் கடியைச் சரிசெய்கிறேன் என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்.

கன்னத்து வலி எல்லாவற்றையும் பல்லில் கட்டிவிடவும் கூடாது. படி ஏறும்போதோ வேகமாக நடக்கும்போதோ கீழ்த்தாடை வலித்து, நின்றால் அடங்குகிறதா? சர்க்கரை உள்ளவர்களுக்கு நெஞ்சு வலிக்காமலே இதயம் இப்படிப் பேசும். மெல்லத் தொடங்கினால் தாடை களைத்து வலித்து, நெற்றிப்பொட்டு தொட்டால் நோகிறதா, பார்வை மங்கி வருகிறதா? ஐம்பது வயதுக்கு மேல் அது ரத்தக்குழாய் அழற்சியாக இருக்கலாம். வலி மாத்திரை அதைப் பாதி மறைத்து வைக்கும், பார்வை போய்விடும். அன்றே மருத்துவரிடம் போக வேண்டியது அது. முகம் கழுவும்போது மின்சாரம் பாய்ந்தாற்போல் சில நொடி வெட்டினால் அது முக நரம்பு வலி. அழற்சி மருந்து எதுவும் அதைத் தொடாது. கார்பமசெபின்தான் முதல் மருந்து. அதிலும் நம் வம்சாவளியில் சிலருக்குக் கடும் தோல் எதிர்வினை வர மரபணுக் காரணம் உண்டு. தொடங்குமுன் மருத்துவரிடம் அந்தப் பரிசோதனையைப் பற்றிக் கேட்க வேண்டும். உங்கள் கடிதத்தில் இவை எதுவும் இல்லை. இருந்தும் எழுத மறந்திருந்தால் சொல்லுங்கள்.

ஊசி ஏன் மரக்கவில்லை? அழற்சி உள்ள இடம் அமிலத்தன்மையாக இருக்கும். மரப்பு மருந்தின் பெரும்பகுதி அங்கே நரம்புச் சவ்வைத் தாண்ட முடியாத வடிவத்துக்கு மாறிவிடும். அது மட்டுமில்லை, புரோஸ்டாகிளாண்டினில் ஊறிய நரம்பு சின்னத் தூண்டலுக்கும் துள்ளும், அதன் சோடியம் வாயில்கள் சில லிக்னோகெய்ன் என்ற மரப்பு மருந்துக்கு அவ்வளவாகக் கட்டுப்படுவதுமில்லை. சிகிச்சைக்கு ஒரு மணி நேரம் முன்பு இபுப்ரோஃபென் 600 மி.கி. கொடுத்தால் கீழ்த்தாடை ஊசி பலிப்பது கூடுகிறது என்று பல ஆய்வுகளின் தொகுப்பு காட்டுகிறது. ஆரோக்கியமானவர்களுக்கு நல்ல வழி. உங்களுக்குப் பல் டாக்டர் வேறு வழியில் வரலாம்: பல்லுக்கும் எலும்புக்கும் நடுவே ஊசி, அல்லது கன்னப்பக்கம் ஆர்டிகெய்ன் என்ற மரப்பு மருந்து. போன தடவை மரக்கவில்லை என்பதை நாற்காலியில் உட்காருமுன்பே சொல்லிவிடுங்கள். முதல் ஊசியோடு நிற்காமல் திட்டமிட்டு வருவார். டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு தருவதாகச் சொன்னால் சர்க்கரை இருப்பதை நினைவூட்டுங்கள். இரண்டு நாளைக்குச் சர்க்கரை ஏறும்.

பிடுங்கும் நாளுக்கு முன் செய்ய வேண்டியவை இரண்டு. கிளினிக்கில் கிரியாட்டினினும் அதிலிருந்து கணக்கிடும் சிறுநீரக வடிகட்டு அளவும் பார்க்கச் சொல்லுங்கள். பவுடரை நிறுத்தி அன்றைக்கு ஒரு வாரமாவது ஆகியிருக்க வேண்டும். தட்டணுக்கள் புதிதாக வர அந்தக் காலம் வேண்டும். ஆனால் மருத்துவர் எழுதிய சின்ன ஆஸ்பிரினை ஒரு பல்லுக்காக நிறுத்தக் கூடாது. குழியில் தையல் போட்டு, பஞ்சைக் கடித்தால் ரத்தம் நின்றுவிடும். ஆஸ்பிரின் நின்றால் வரும் ஆபத்து அப்படி எளிதில் நிற்காது.

அன்றைக்குப் பாராசிட்டமால் 1,000 மி.கி., அதாவது 500 மி.கி. மாத்திரை இரண்டு, மரப்பு தெளியுமுன்பே போடுங்கள். கீழ்த்தாடையில் உதட்டு மரப்பு மூன்று முதல் ஐந்து மணி நேரம் இருக்கும். அதற்குள் என்று கணக்கு. பிறகு ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை, இரண்டு நாளைக்குக் கடிகாரம் பார்த்துப் போடுங்கள். வலி ஏறட்டும் என்று காத்திருந்து போட்டால் ஒவ்வொரு தடவையும் மலை ஏற வேண்டியிருக்கும். 24 மணி நேரத்தில் 4,000 மி.கி.தான் எல்லை, 50 கிலோவுக்குக் குறைவான எடையோ மதுப் பழக்கமோ இருந்தால் 3,000. இது போதாமல், சோதனை முடிவும் நன்றாக இருந்து, உங்கள் மருத்துவர் சம்மதித்தால் மட்டும் இபுப்ரோஃபென் 400 மி.கி., எட்டு மணி நேரத்துக்கு ஒருமுறை, அதிகபட்சம் இரண்டு நாள், இரைப்பையைக் காக்க ஓமெப்ரசோல் 20 மி.கி. துணையோடு. சீட்டில்லாமல் போடக்கூடிய நாள் அளவு 1,200 மி.கி.; ஒரு வேளைக்கு 400க்கு மேல் போட்டால் வலி நிவாரணம் பெரிதாகக் கூடுவதுமில்லை. வடிகட்டு அளவு 60க்குக் கீழே என்றால் இந்தப் பேச்சே வேண்டாம்.

குழியில் உள்ள ரத்தக் கட்டிதான் உங்கள் மருந்து. முதல் நாள் கொப்பளிக்காதீர்கள், வேகமாகத் துப்பாதீர்கள், ஸ்ட்ரா வேண்டாம். மறுநாளிலிருந்து ஒரு தம்ளர் வெதுவெதுப்பான தண்ணீரில் அரைத் தேக்கரண்டி உப்பு, சாப்பிட்டபின் மெதுவாக. வலி முதல் நாளைவிட இரண்டாம் நாள் குறைய வேண்டும். குறைந்து, மூன்றாம் நாள் திரும்பக் காது வரை ஏறி, வாயில் நாற்றமும் வந்தால் ரத்தக் கட்டி கழன்று எலும்பு வெளியே தெரிகிறது என்று பொருள். மாத்திரையைக் கூட்டிப் பயனில்லை. பல் டாக்டர் குழியைக் கழுவி மருந்து வைத்தால் அன்றே ஆறுதல் கிடைக்கும். வாய் இரண்டு விரல் அளவுகூடத் திறக்கவில்லை, நாக்கின் அடி தடித்துவிட்டது, எச்சில் விழுங்க முடியவில்லை, தாடைக்குக் கீழ் கல் போல வீக்கம் என்றால் காலை வரை காத்திருக்காமல் ஆர். கே. கான் மருத்துவமனை அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

இனி விரதம். பல் டாக்டரைக் கேட்டு, பல் பிடுங்கும் தேதியை ஒரு வாரம் முன்னே தள்ள முடிந்தால் தள்ளிக்கொள்ளுங்கள். பவுடரை நிறுத்தவேண்டிய ஒரு வாரத்தையும் சேர்த்துக் கணக்கிடுங்கள். முன்னே தள்ள முடியாவிட்டால், வலி தாங்கும் அளவில் இருந்தால், காவடிக்குப் பிறகு வைப்பது பற்றிக் கேளுங்கள். வீக்கமோ காய்ச்சலோ இருந்தால் தள்ளிப்போடும் பேச்சே வேண்டாம். நாள் மாறாவிட்டால்: கறிமீன் தவிர்க்கும் விரதத்தால் தடையில்லை. கூழ், தயிர்சாதம், மசித்த பருப்பு, ஆறிய ரசம் குழிக்கும் ஏற்றது. ஒரு வேளை உணவும் குறைந்த தண்ணீருமாக இருப்பதுதான் சிக்கல். டர்பனில் அது புழுக்கம் உச்சத்தில் இருக்கும் மாதம். வெயிலில் அம்கேனி சாலைக் கோயிலைச் சுற்றி வெறுங்காலோடு நடக்கும் நாளில் உடம்பின் நீர் போய், அதோடு எனலாபிரில், தண்ணீர் மாத்திரை, இபுப்ரோஃபென் என்று சேர்ந்தால் மேலே சொன்ன மூன்றும் கூடிவிடும். எனவே விரதம் தொடங்கிய பிறகு அழற்சி மாத்திரை ஒன்றுகூட வேண்டாம், பொட்டலமும் சேர்த்துத்தான். பட்டினி இருக்கும்போது பாராசிட்டமாலைச் செரிக்கும் ஈரலின் கையிருப்பும் குறையும்; ஒரு நாளைக்கு 3,000 மி.கி.யோடு நிறுத்துங்கள். நீண்ட நேரம் தண்ணீர் குடிக்காமல் இருக்கப் போகும் நாளில் தண்ணீர் மாத்திரையும் மெட்ஃபார்மினும் எப்படிப் போடுவது என்று கிளினிக் மருத்துவரிடம் முன்கூட்டியே கேட்டு எழுதி வாங்குங்கள். நீங்களாக நிறுத்த வேண்டாம். சிறுநீர் குறைந்து கறுத்தாலோ எழும்போது தலை சுற்றினாலோ அங்கேயே உட்கார்ந்து தண்ணீர் குடியுங்கள், மகளையும் கூப்பிடுங்கள்.